செம்பாக்கத்தில் பிணைந்து நின்ற இரண்டு பாம்புகள்: சாரையும் நாகமுமா?

சேலையூர்க்காரி (ஞாயிறு, இரவு 9.40)

இன்று காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் இரண்டு பாம்புகள் பிணைந்து எழும்பி நின்றன. செம்பாக்கம் ஏரிப் பக்கம், இன்னும் யாரும் வீடு கட்டாமல் கிடக்கும் மனை அது. எருக்கும் சீமைக்கருவேலமும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போன அம்மாதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். பைனாகுலரையும் போனையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மொத்தம் 22 நிமிடம் பார்த்தோம். அதில் 17 நிமிடம் வீடியோவில் இருக்கிறது.

பார்த்ததை மட்டும் முதலில் எழுதிவிடுகிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஆறடிக்குக் குறையாது. ஒன்று வைக்கோல் நிறம், மற்றது கருத்த பழுப்பு. இரண்டுக்குமே வால் பக்கம் கறுப்பு வலை போர்த்தியது போலக் குறுக்குக் கோடுகள். கண் பெரிசு, நல்ல உருண்டை. உதட்டுச் செதில்களுக்கு நடுவே பென்சிலால் கிழித்தது போலக் கறுப்புக் கோடு. கயிறு திரிப்பது போல உடம்பைச் சுற்றிக்கொண்டு இரண்டடி, இரண்டரை அடி எழும்பின. மேலே போனதும் ஒன்றின் தலைமேல் மற்றொன்று கழுத்தை வைத்து அழுத்தும். அழுத்தம் தாங்காதது சரிந்து விழும், விழுந்த வேகத்தில் மறுபடி எழும். ஒரு தடவைகூட ஒன்றை ஒன்று கடிக்கவில்லை. கடைசியில் வைக்கோல் நிறப் பாம்பு உருவிக்கொண்டு மதில் ஓரமாக ஓடிவிட்டது. கருத்தது கொஞ்ச தூரம் விரட்டிப் போய்த் திரும்பி வந்து, அதே இடத்தில் தலையைத் தூக்கியபடி நின்றது.

இதற்குள் தெருவில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். சாரையும் நாகமும் பிணைகிறது என்று ஒரே பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா புது வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் போடச் சொன்னார். அந்தத் துணியைப் பீரோவில் வைத்தால் வீட்டில் பணம் தங்குமாம். வேட்டியோடு மதில் ஏறப் போன பையனை அப்பாதான் பிடித்து இறக்கினார். மதியத்துக்குள் என் வீடியோவே "நாகமும் சாரையும் இணைசேரும் அபூர்வக் காட்சி" என்று எழுதி எனக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

இரண்டும் ஆண் சாரை, நடந்தது சண்டை என்கிறேன் நான். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "நீ நேத்துப் பொறந்தவ, நாங்க காலங்காலமா பாக்கறோம்" என்கிறார். அவரைத் தோற்கடிக்க எனக்கு ஆசையே இல்லை. ஆனால் அம்மா பார்த்ததும் நான் பார்த்ததும் அதே 22 நிமிடம். அது எப்படி இரண்டு வேறு சம்பவங்களாக ஆயிற்று என்பதுதான் என் மனதை அரிக்கிறது.

நத்தைகுத்தி (ஞாயிறு, இரவு 10.25)

வீடியோ பார்த்தேன். இரண்டும் சாரைதான், ஆண்கள்தான். இணைசேரும்போது சாரைகள் இப்படிக் கம்பம் போல எழும்பி மல்லுக்கட்டாது. பெண் பெரும்பாலும் தரையோடு கிடக்கும், ஆண் அதன் மேல் உடம்பை ஒட்டினாற்போல் படர்ந்து வால் பக்கத்தைச் சுற்றும். எழும்புவதும், தலையை அழுத்துவதும், தோற்றது ஓடுவதும் பலம் பார்க்கிற வேலை. கடிக்காமல் சண்டை போடுவதில் இரண்டுக்கும் லாபம். தோற்றவன் உயிரோடு வேறு இடம் பார்க்கப் போவான், ஜெயித்தவனுக்கும் காயம் இல்லை.

நாகம் ஒரு குடும்பம், சாரை வேறு குடும்பம். நாகத்துக்குச் சாரை சில சமயம் இரை. ஜோடியாக வாய்ப்பே இல்லை.

கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் பதிவிலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஒன்று வைக்கோல் நிறம், மற்றது கருத்த பழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சாரைக்கு நிறம் நிலையாக இருக்காது. வெளிர் மஞ்சளிலிருந்து ஏறக்குறையக் கறுப்பு வரைக்கும் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் வேறு என்றால் சாதியும் வேறு என்றுதான் தோன்றும். அதோடு சீண்டினால் சாரை கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கிக்கொண்டு உறுமுகிற மாதிரி சத்தம் போடும். அந்த நேரத்தில் படம் எடுத்ததாகச் சொல்லிவிடுகிறார்கள்.

மதுராந்தகத்தான் (திங்கள், காலை 6.10)

வணக்கம். நான் படிப்பாளி இல்லை, நெல் விவசாயி. வயது 66. பேத்தி இந்த இழையைக் காட்டினாள்.

நாங்கள் பிறந்ததிலிருந்து பாம்போடுதான் இருக்கிறோம். வரப்பில் சாரை இருந்தால் அடிக்கவிடமாட்டேன், எலிக்கு அதைவிடப் பெரிய வைத்தியன் கிடையாது. நான் சின்ன வயதில் எங்கள் ஏரிக்கரையில் சாரையும் நல்லபாம்பும் பிணைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்பாவும் கூட இருந்தார். நீங்கள் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் பொய் சொன்னார்கள் என்கிறீர்களா? இன்னொன்றும் கேட்கிறேன். நல்லபாம்பு எப்போதும் படம் எடுத்துக்கொண்டேயா இருக்கும்? படம் விரிக்காமல் போனால் அதுவும் சாதாரணப் பாம்பு மாதிரிதான் தெரியும். அப்புறம் இரண்டில் ஒன்று நாகம் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

கரிச்சான் (திங்கள், காலை 8.45)

ஐயா, வணக்கம். இந்த இழையிலேயே சரியான கேள்வி உங்களுடையதுதான். படம் இல்லை என்பதை வைத்து நாகம் இல்லை என்று சொன்னால் அது அரைகுறை வாதம். வேறு அடையாளம் வேண்டும்.

அந்த அடையாளம் அடிவயிற்றில் இருக்கிறது. நல்லபாம்பு எழும்பினால் தொண்டைக்குக் கீழே, வயிற்றுப் பக்கம், அகலமான கருத்த பட்டைகள் தெரியும். படம் விரித்தாலும் விரிக்காவிட்டாலும் அவை இருக்கும். சேலையூர்க்காரி அனுப்பிய வீடியோவில் 14-ஆவது நிமிடம் இரண்டு பாம்பும் கேமராவுக்கு நேராக எழும்புகின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டின் அடியும் தொண்டை முதல் கீழே வரை வெளிர் மஞ்சள், கருத்த பட்டை ஏதும் இல்லை. பெரிய கண்ணையும் உதட்டுக் கோட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்த இரண்டும் சாரை. நீங்கள் சின்ன வயதில் பார்த்தவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, நான் அங்கே இல்லை.

யாரையும் பொய்யர் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. அன்றைக்கு எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? அது நாகம் என்று நீங்களே கண்டுகொண்டீர்களா, இல்லை அப்பா சொல்லித் தெரிந்ததா?

தாம்பரம்_தினேசு (திங்கள், மதியம் 1.05)

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று எங்கள் ஆயா சொல்லியிருக்கிறார். அதுவும் இதே மாதிரி கதைதானா?

நத்தைகுத்தி (திங்கள், மதியம் 1.30)

ஆமாம். அது விஷமில்லாத மரப்பாம்பு. ஓணான், பல்லி, தவளை தின்னும். மரத்தில் இருப்பதுதான் அதன் பிழைப்பு, அதனால் சுடுகாட்டு மரத்திலும் இருக்கும்.

செவிலி (திங்கள், இரவு 11.50)

இரவுப் பணியில் இருந்து எழுதுகிறேன். பிணைகிற பாம்பைப் பற்றிய கதையால் யாரும் சாகப்போவதில்லை. கடிவாயில் வைத்தால் விஷத்தை உறிஞ்சும் என்று சொல்கிற விஷக்கல்லின் கதையால் சாகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சில வருடம் முன்பு கேளம்பாக்கம் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடத்தில் தரையில் படுத்திருந்த ஒருவரை விடியற்காலையில் தூக்கி வந்தார்கள். நள்ளிரவில் காலில் ஏதோ சுருக்கென்றதாம். வீக்கம் இல்லை, வலியும் இல்லை. எலியாக இருக்கும் என்று திரும்பப் படுத்துவிட்டார். அப்புறம் வயிற்றுவலி வந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் விஷக்கல் வைப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். கல் ஒட்டியது, விஷம் இறங்கிவிட்டது என்று அவர் அனுப்பிவிட்டார். எங்களிடம் வரும்போது இரண்டு இமையும் சரிந்து, பேச்சுக் குழறி, மூச்சு மேல்மூச்சாக இருந்தது. கட்டுவிரியன். வென்டிலேட்டரில் வைத்து மூன்றாம் நாள்தான் அவருக்குக் கண் திறந்தது. பிழைத்துக்கொண்டார். கல்லை நம்பி வீணான மூன்று மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

கல் வைப்பவரை நம்புகிறவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்று நிறைய யோசித்திருக்கிறேன். அவர்களுடைய அனுபவத்தில் கல் நிஜமாகவே பலித்திருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காது. ஆகவே பத்துப் பேருக்குக் கல் வைத்தால் பல பேர் எப்படியும் பிழைத்திருப்பார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்வார்கள். செத்தவர் வந்து சொல்ல முடியாது. ஒரு வைத்தியம் பலிக்கிறதா என்று கேட்கும்போது, அது இல்லாமலே எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2020-இல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது.

கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பாம்பைத் தேடிப் போகவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், பாம்பு எது என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

அந்த மருந்து குதிரையின் உடம்பில் உருவாகிற எதிர்ப்புப் பொருள். அதற்கு விஷம் வேண்டும். அந்த விஷத்தில் பெரும்பங்கு நமக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. 1978-இல் தொடங்கியது. ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கரிச்சான் (செவ்வாய், காலை 7.20)

செவிலி அக்கா, நன்றி. வடநெம்மேலியைச் சொன்னதால் ஒன்று. இருளர்களோடு ஒரு நாள் காலை நடந்திருக்கிறேன். ஒரு வளைக்கு முன்னால் உட்கார்ந்து வாசலில் மண் வழவழப்பாக இருக்கிறதா, சிலந்தி வலை அறுந்திருக்கிறதா, எச்சம் எத்தனை நாள் பழசு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உள்ளே பாம்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், போன தடம்தான் இருக்கிறது, வந்த தடம் இல்லையே என்று மறுத்தார். தோண்டினார்கள். உள்ளே இல்லை. முதலாமவர் தலையாட்டிவிட்டு அடுத்த வளைக்குப் போனார், அவ்வளவுதான். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடா போனதும், 2023-இல் பத்மஸ்ரீ வாங்கியதும் இந்தத் தடம் பார்க்கிற கண்ணால்தான்.

ஆமைநடை (செவ்வாய், மாலை 5.15)

பாம்பை விட்டுக் கொஞ்சம் கடற்கரைக்கு வாருங்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988-இலிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் ஜனவரி தொடங்கி இரவு நடை நடக்கிறது. நான் ஏழு பருவமாகப் போகிறேன்.

முதல் தடவை பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. பின்கால் துடுப்பை அகப்பை போல வளைத்து மண்ணை அள்ளி, சிந்தாமல் பக்கத்தில் வைத்து, குடம் போல ஒன்றரை அடிக் குழி தோண்டும். நூற்றுக்கும் மேலே முட்டை. கண்ணிலிருந்து கோழை மாதிரி கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பிரசவ வலியில் அழுகிறது என்று கூட வந்த ஒருவர் சொன்னார். நானும் இரண்டு வருடம் அதையே மற்றவர்களுக்குச் சொன்னேன். கடலிலும் அது அப்படித்தான் "அழுகிறது", தண்ணீரில் நமக்குத் தெரிவதில்லை. உப்புத் தண்ணீரில் வாழ்கிற உடம்பு, மிஞ்சிய உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. இது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கண்ணீர் மேல் மதிப்பு கூடிவிட்டது.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொல்லியே ஆமையை விரட்டுகிற ஆட்களை அந்த நடையில் பார்த்திருக்கிறேன்.

தமிழ்த்தேனீ (செவ்வாய், இரவு 8.00)

அந்தப் பழமொழியின் உண்மைப் பொருள் வேறு. கல்லாமை, இயலாமை, முயலாமை, பொறாமை இவைதான் அந்த "ஆமை". இவை புகுந்த வீடு உருப்படாது என்றுதான் முன்னோர் சொன்னார்கள். சிலர் அது ஆமையே இல்லை, ஆம்பி, அதாவது ஈரத்தில் பூக்கும் காளான் என்பார்கள். நம் முன்னோரிடம் மூடநம்பிக்கை இருந்ததில்லை.

ஆமைநடை (செவ்வாய், இரவு 8.40)

அழகான விளக்கம். பிள்ளைகளிடம் சொல்ல எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி: ஒரே பழமொழிக்கு இரண்டு "உண்மைப் பொருள்" சொல்கிறீர்கள், ஒன்று சரியானால் மற்றது தவறு. எந்தப் பழைய ஓலையில், எந்தப் பதிப்பில் ஆம்பி என்று இருக்கிறது? கூடவே வருகிற அமீனா யார்? வீட்டை ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு ஆள். அவரோடு ஜோடி சேர்வதற்குப் பொறாமையைவிட, கெட்ட சகுனம் என்று ஜனங்கள் நிஜமாகவே பயந்த ஆமைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முன்னோர் நிறைய விஷயத்தில் கூர்மையாகப் பார்த்தவர்கள், சிலவற்றில் பயந்தவர்கள். இரண்டும் சேர்ந்துதான் நமக்கு வந்திருக்கிறது. பாம்புக் கதைக்கு ஆதாரம் கேட்கிற நாம் நமக்குப் பிடித்த விளக்கத்துக்கும் அதே ஆதாரத்தைக் கேட்க வேண்டாமா?

கரிச்சான் (புதன், காலை 6.50)

ஆமைநடை கேட்டதை நான் என் மேலேயே வைத்துப் பார்க்கிறேன். மூன்று வருடம் முன்பு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில், ரேடியல் சாலை ஓரம் நின்று, புள்ளிக் கழுகு பார்த்ததாக, பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இ-பேர்ட் தளத்தில் பதிந்தேன். முந்தின வாரம் அங்கே புள்ளிக் கழுகு வந்திருக்கிறது என்று நண்பர் சொல்லியிருந்தார். பெரிய கருத்த பறவை, கோரைக்கு மேலே தாழப் பறந்தது. மனசுக்குள் கழுகு முதலிலேயே உட்கார்ந்துவிட்டது. பதிவுகளைச் சரிபார்ப்பவர் படம் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். இருந்த ஒரே மங்கல் படத்தைப் பெரிதாக்கினால் நீண்ட வால், வெளிர் தலை, இரண்டு இறக்கையும் மேல்நோக்கித் தூக்கி ஆழமற்ற கிண்ணம் மாதிரி மிதக்கிறது. கழுகு இறக்கையைத் தட்டையாகவோ கொஞ்சம் தொங்கலாகவோ வைத்து மிதக்கும். அது பெண் சேற்றுப் பூனைப்பருந்து, குளிர்காலத்தில் அங்கே வாடிக்கையாக வருவது. என் நோட்டில் அன்றைக்கே "இறக்கை மேலே தூக்கியிருந்தது" என்று நானே எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் கழுகு என்று பதிந்தேன். சேலையூர்க்காரி, உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் இதில் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கண் பார்ப்பதற்குள் பெயர் வந்துவிடுகிறது.

பறவை பார்க்கிறவர்களே பரப்புகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்தது என்று பள்ளிக்கூடங்களில் பேசியிருக்கிறேன். 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் நாடு முழுவதும் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. கோபுரத்தின் மேல் பழிபோட ஆதாரம் இல்லை. குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும், கூட்டுக்குப் பொந்து வேண்டும். கண்ணாடிச் சுவரிலும் சிமென்ட் முற்றத்திலும் இரண்டும் கிடையாது. பேசின பள்ளிகளில் இரண்டுக்குத் திரும்பப் போய்த் திருத்திச் சொன்னேன். மற்ற இடங்களுக்கும் போக வேண்டும்.

மதுராந்தகத்தான் (புதன், இரவு 7.30)

தம்பி கேட்டதற்குப் பதில். இரண்டு நாளாக யோசித்தேன். ஏரிக்கரைக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் ஒரு வயல் தூரம். பொழுது சாய்ந்த நேரம். "அதோ பார், சாரையும் நாகமும்" என்று அப்பா காட்டினார், நான் பார்த்தேன். இரண்டு பாம்பு எழும்பியது கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. அடிவயிறு பார்த்தேனா என்றால், இல்லை. அன்றைக்கு அதைப் பார்க்கணும் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. அவருக்கும் அவர் அப்பா காட்டியிருப்பார். உங்கள் வீடியோவில் இருப்பது சாரை என்று ஒப்புக்கொள்கிறேன். ஏரிக்கரையில் பார்த்ததை நான் இன்னும் விடவில்லை. இனி பிணைந்தால் கிட்டப் போய்த் தொண்டைக்குக் கீழே பட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். பேத்தியிடம் போன் இருக்கிறது, படமும் எடுக்கச் சொல்கிறேன்.

செவிலி (புதன், இரவு 7.45)

ஐயா, கிட்டப் போக வேண்டாம். பத்தடி தள்ளி நின்றே பாருங்கள், பேத்தியையும் பின்னாலேயே நிறுத்துங்கள்.

சேலையூர்க்காரி (ஞாயிறு, காலை 10.15)

எல்லாருக்கும் நன்றி. மதுராந்தகத்து ஐயாவின் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வயல் தூரம் என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னார்.

இன்று காலை ஒரு பாம்பு தனியாக அதே மனைக்கு வந்தது. உடைந்த செங்கல் குவியல் மேல் ஏறி வெயில் காய்ந்தது. அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, என் பைனாகுலரை வாங்கி, கை நடுங்காமல் இருக்க மாடிச் சுவரில் முட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். உதட்டுக் கோட்டை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். பாம்பு தலையைத் தூக்கியபோது அடியும் மஞ்சளாகத் தெரிந்தது. "இது சாரைதான், நான் இல்லைங்கல. ஆனா அன்னிக்கு வந்தது வேற" என்றார்.

முதலில் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போன ஞாயிறு வந்த பாம்புதான் இன்றும் வந்தது என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்? அதே மனை, அதே நிறம், அவ்வளவுதான். வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். விரட்டிவிட்டுத் திரும்பி வந்த கருத்த பாம்புக்கு வாலுக்கு ஒரு முழம் மேலே, வலது பக்கம், பழைய காயம் ஆறிய வெளுத்த தழும்பு ஒன்று இருக்கிறது. இன்று வந்தது செங்கல் மேல் இடது பக்கத்தைக் காட்டித்தான் படுத்திருந்தது. நாளை காலை ஆறரைக்கு மாடிக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.